ரத்தம் ஊறிவிடும், இரும்பு ஊறாது

உங்கள் கேள்வி இது: வயது 26, எடை 62 கிலோ, இதுவரை ஐந்து முறை ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது ரத்த மையத்தில் "தட்டணுக்களும் கொடுக்கலாமே" என்கிறார்கள். (தட்டணு என்றால் பிளேட்லெட், ரத்தம் உறைய உதவும் அணு.) வீட்டில் அம்மாவோ, "கல்யாணம் ஆகாத பிள்ளை, இப்படி வாரிக் கொடுத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று புலம்புகிறார். வருடக்கணக்கில் விடாமல் கொடுக்கிறவர்களுக்கு உடம்பிலும் வாழ்க்கையிலும் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மதுரையில் மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியர். வயது 51. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் 1993இல் தொடங்கி இதுவரை 61 முறை ரத்தமும், 2011இலிருந்து 38 முறை தட்டணுக்களும் கொடுத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று அடுத்த வரியில் எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஒரு காலத்தில் பெருமைக்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் இந்தப் பதிலில் வரும்.

அம்மாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் பாதி நியாயம். 62 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் ஏறத்தாழ நாலரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நீங்கள் 55 கிலோவைத் தாண்டியவர் என்பதால் 450 மி.லி. எடுப்பார்கள், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். தண்ணீர், மோர், இளநீர் என்று அன்றைக்கு நன்றாகக் குடித்தால் மறுநாள் உடம்பு அதைப் பொருட்படுத்துவதே இல்லை. சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். முகாம்களில் மைக் பிடிப்பவர்கள் "கொடுத்த ரத்தம் 48 மணி நேரத்தில் முழுக்க ஊறிவிடும்" என்பார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். அந்த 48 மணி நேரத்தில் ஊறுவது தண்ணீர் மட்டும்தான்.

மைக்கில் யாரும் சொல்லாத சங்கதி இரும்பு. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்கையே உங்களுக்கும் போடுகிறேன். 100 மி.லி. ரத்தத்தில் 14 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 மி.லி.க்கு 63 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குள் 3.4 மி.கி. இரும்பு இருக்கிறது. பெருக்கினால் 214 மி.கி. இது ஒரே உட்காரலில் போகிறது. வரவு எவ்வளவு? சோறு, குழம்பு, கீரை என்று நாள் முழுக்கச் சாப்பிடுவதிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மி.கி. அதிலும் ஒன்று அன்றாட உதிர்விலேயே போய்விடும். கையிருப்பு குறைந்தால் உடம்பு சமர்த்தாக உறிஞ்சுவதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். அப்படிக் கூட்டியும் சாப்பாட்டை மட்டும் நம்பி 214ஐ மீட்க மாதக்கணக்கில் ஆகும். நமது விதிகளோ ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி போதும் என்கின்றன. கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்தீர்களா?

நான் மட்டும் போடும் கணக்கு இல்லை இது. அமெரிக்காவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரத்தம் கொடுத்தபின் இரும்பு மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 168 நாள் கழிந்தும் இரும்புக் கையிருப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 45,000 கொடையாளர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'இன்டர்வல்' ஆய்வு 2017இல் வந்தது. ஆண்களைப் பிரித்து 8 வாரம், 10 வாரம், 12 வாரத்துக்கு ஒருமுறை என்று கொடுக்கவைத்தார்கள். பெண்களுக்கு 12, 14, 16 வாரம். குறைந்த இடைவெளியில் கொடுத்தவர்களுக்குக் களைப்பு, மூச்சிரைப்பு, தலை கிறுகிறுப்பு, ராத்திரியில் கால் குடைச்சல் ஆகியவை கூடின. ஹீமோகுளோபினும் இரும்பும் இறங்கின. அதே சமயம் பொதுவான வாழ்க்கைத் தரத்திலோ, உடலுழைப்பிலோ, மூளைத்திறனிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொன்னால் உங்களை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் நான் மைக்கில் பேசிய பொய்க்குச் சமம்.

இனி என் கதை. 2016. அப்போது என் எண்ணிக்கை 47. ஐம்பதாவது முறை கொடுத்தால் ரத்ததான தினத்தில் மேடையேற்றிக் கேடயம் கொடுப்பார்கள். அதற்காக 90 நாளை விரல்விட்டு எண்ணி, 91ஆம் நாள் காலை போய் நிற்பேன். நடுவில் தட்டணுக்கள் வேறு. அந்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது இரண்டாம் மாடியில் இருக்கும் ஆய்வகத்துக்கு ஏறினால் நெஞ்சு படபடத்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி படுத்தால் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. நீட்டுவது, மடக்குவது, எழுந்து நடப்பது. அதைவிட விசித்திரம், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பனிக்கட்டியை எடுத்து எடுத்துக் கடித்துத் தின்றேன். நாக்கு அதற்கு ஏங்கியது. பனிக்கட்டி தீர்ந்த நாட்களில் அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி பச்சரிசி.

ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்களை இருட்டில் நின்று கடமுட என்று மென்றுகொண்டிருந்தபோது மனைவி விளக்கைப் போட்டார். "என்னங்க இது, மசக்கைக்காரி மாதிரி?" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அப்படியே நின்றேன். கர்ப்பிணிகள் அரிசியும் சாம்பலும் திருநீறும் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்று ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய் அது.

மறுநாள் பரிசோதித்தேன். ஹீமோகுளோபின் 13.1. ரத்தம் கொடுக்க 12.5 இருந்தால் போதும், ஆக எந்த முகாமிலும் என்னைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். ஃபெரிட்டின் 9. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. என் கிடங்கைக் கூட்டிப் பெருக்கினால் தூசிதான் வரும் என்ற நிலை. விரலில் குத்திப் பார்க்கும் சோதனை கடையின் முன்வரிசை அலமாரியைத்தான் பார்க்கிறது. பின்கட்டு காலியாக இருப்பது அதற்குத் தெரியாது. வழக்கமாகக் கொடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு மருத்துவச் செய்தியைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மருத்துவர் ஓராண்டு ரத்தம் கொடுக்கக் கூடாது என்றார். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை மலச்சிக்கலைக் கொடுத்தது, மலத்தைக் கறுப்பாக்கியது, ஆனால் பனிக்கட்டி ஆசை ஆச்சரியமாக ஒரே வாரத்தில் காணாமல் போனது. கால் குடைச்சல் போக இரண்டு மாதம் ஆயிற்று. ஐம்பதாவது முறை பிறகு சாவகாசமாக வந்தது. கேடயத்தைப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் ரத்தம் கொடுப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை ஃபெரிட்டின் பார்த்துவிடுகிறேன். 90 நாள் என்பது அதற்கு முன்னால் கொடுக்காதே என்று போட்ட வேலி. நான்தான் அதை ஓட்டப்பந்தயக் கோடு என்று நினைத்து ஓடினேன்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் பீட்ரூட்டும் மாதுளையும் வந்து நிற்கும். சிவப்பாக இருப்பதைத் தவிர அவற்றுக்கும் ரத்தத்துக்கும் பெரிய உறவு இல்லை. பேரீச்சம்பழத்தின் புகழும் அதன் இரும்பைவிடப் பெரியது. எங்கள் ஊரில் ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பாட்டி வைத்தியம் மட்டும் நூற்றுக்கு நூறு சரி. மண்ணீரல், ஈரல் இவற்றிலிருக்கும் இரும்பைக் குடல் சுலபமாக இழுத்துக்கொள்ளும். சைவர்கள் முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகு என்று சாப்பிடலாம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பிட்டு முடித்த கையோடு காபி, டீ குடித்தால் அது கெடும். மதுரைக்காரனிடம் சாப்பாட்டுக்குப்பின் டீ வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், போதும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். ஓர் ஆணின் கிடங்கில் 1,000 மி.கி. வரை இருக்கும், மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு 300 தேறினால் அதிகம். என் மனைவியை மூன்று முகாம்களில் "ஹீமோகுளோபின் பத்தாது" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அவமானத்தில் அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு மருத்துவரிடம் போனபோதுதான் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதும், பல வருடமாக மாதாமாதம் அதிக ரத்தம் போய்க்கொண்டிருந்ததும் தெரியவந்தது. எங்கள் வீட்டில் ரத்ததானத்தால் உருப்படியான மருத்துவப் பலன் கிடைத்தது, ரத்தமே கொடுக்காத அவருக்குத்தான்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. கொடையாளர் அட்டைகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுக்கிப் பார்த்தால் முப்பது ஆண்டு ரத்த அழுத்தம் வரிசையாகத் தெரிகிறது. 110/70இல் தொடங்கி 2019இல் 150/96. 140/90க்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு எழுந்து வந்தபோது எரிச்சலாக இருந்தது. ஒரு தலைவலிகூட வந்ததில்லை, நானாகப் போய்ப் பரிசோதித்திருக்கவே மாட்டேன். மாத்திரை தொடங்கி, நான்கு வாரம் அளவு மாறாமல் கட்டுக்குள் இருந்ததும் மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். இதுதவிர எடுத்த ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதிப்பது கட்டாயம். உடன் வேலைபார்க்கும் ஒருவருக்கு மஞ்சள் காமாலை பி இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள யாரும் ரத்தம் கொடுக்கப் போகக் கூடாது. தொற்றின் ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் சிக்காத இடைவெளி ஒன்று உண்டு. அந்தப் பை யாருக்காவது ஏறிவிடும். அதற்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச, ரகசியப் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன.

மற்றபடி "ரத்தம் கொடுத்தால் மாரடைப்பு வராது, புற்றுநோய் வராது, கொழுப்பு கரையும், இளமை திரும்பும்" என்றெல்லாம் பரப்புவதை நம்பாதீர்கள். கொடையாளர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். ஆரோக்கியமாக இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோமே! கபடி அணியில் எல்லாரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள், ஆகவே அணியில் பெயர் கொடுத்தால் திடகாத்திரம் வரும் என்பது போன்ற வாதம் அது.

இப்போது தட்டணுக்கள். என் ரத்த வகை ஏபி பாசிட்டிவ். ஏபி சிவப்பணுவை ஏபிகாரருக்கு மட்டும்தான் ஏற்றலாம். அந்த வகையினர் நூற்றில் பத்துப் பேர்கூடக் கிடையாது. ஓ நெகட்டிவ் நண்பனுக்கு நடுராத்திரியில் போன் வரும். என்னை யாரும் தேடமாட்டார்கள். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. 2011இல் ரத்த வங்கித் தொழில்நுட்பர் ஒருவர்தான் விஷயத்தைத் திருப்பிப் போட்டார்: சிவப்பணுவில் ஓ எப்படியோ, பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏபி அப்படி. எந்த வகையினருக்கும் ஏற்றலாம். தட்டணுக்கள் பிளாஸ்மாவில்தான் மிதக்கின்றன. "சார், நீங்கள் மெஷினில் உட்கார வேண்டிய ஆள்" என்றார். யாரும் கேட்காத சரக்கை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

சாதாரணமாக ரத்தம் கொடுப்பது பத்து நிமிஷ வேலை. இது ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகக் கருவிக்குப் போகும். அது சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உடம்புக்கே அனுப்பும். திரும்பி வரும் ரத்தம் அறையின் குளிரை வாங்கிக்கொண்டு வருவதால் முழங்கை மடிப்பிலிருந்து தோளுக்கு ஒரு சில்லிப்பு ஏறும். சித்திரை வெயிலில்கூட எனக்குப் பல் கிட்டும். கருவிக்குள் ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் கலக்கிறார்கள். அதில் கொஞ்சம் உடம்புக்குள்ளும் வரும், வந்து ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கும். முதல் தடவை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். விரல் நுனியும் மரத்துப்போனபின் சொன்னேன், உடனே கால்சியம் மாத்திரை கொடுத்து வேகத்தைக் குறைத்தார்கள், ஐந்து நிமிஷத்தில் சரியாயிற்று. உதடு கூசியதும் சொல்லிவிடுங்கள், வீரம் வேண்டாம்.

முடிவில் தொங்கும் பையைப் பார்த்தால் ரத்தம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெளிறிய மஞ்சள், வடித்த கஞ்சியில் துளி மஞ்சள்தூள் கரைத்ததுபோல. தொழில்நுட்பர் அதைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து மெல்ல ஆட்டுவார். உள்ளே பட்டு நூல்போலப் புகைபுகையாக ஏதோ சுழலும். தட்டணுக்கள் நல்ல நிலையில் இருந்தால்தான் அந்தச் சுழல் தெரியும். எனக்கு அதைப் பார்க்காமல் எழுந்திருக்க மனம் வராது. சாதாரணமாக ஆறு பேர் ரத்தத்திலிருந்து பிரித்துச் சேர்க்கும் அளவு அந்த ஒரு பையில் இருக்கிறது. ஆறு பேருக்குப் பதில் ஒரே ஆள் என்பதால் நோயாளியின் உடம்பு சந்திக்க வேண்டிய அந்நியர் எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் ஐந்தே நாள்தான் தாங்கும், அதுவும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால். 35 நாள், 42 நாள் வைத்திருக்கக்கூடிய சிவப்பணுவைப்போலச் சேமித்துவைக்க முடியாது. அதனால்தான் திடீர் திடீரென்று அழைப்பு வருகிறது.

கொடுத்தவருக்கு இதில் இழப்பு குறைவு. தட்டணுவின் ஆயுளே பத்து நாள்தான், உடம்பு எப்போதும் புதிது செய்துகொண்டேயிருக்கிறது. சில நாளில் எண்ணிக்கை பழையபடி வந்துவிடும். இரும்பு அதிகம் போகாது, கருவியின் குழாயில் தங்கிவிடும் ரத்தமும் சோதனைக்கு எடுப்பதும்தான் செலவு. அதனால்தான் இரண்டு தடவைக்கு நடுவே 48 மணி நேரம் இருந்தால் போதும், ஆண்டுக்கு 24 முறை வரை கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் இங்கும் விதி என்பது வேலிதான். சில வகைக் கருவிகளில் ஆண்டுக்கு இருபதுக்கு மேல் கொடுத்தவர்களுக்கு டி-செல் எனப்படும் வெள்ளணுக்கள் குறைந்திருப்பதை அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு நோய் அதிகமாக வந்ததாகத் தெரியவில்லை என்றாலும், நான் ஆண்டுக்கு நாலைந்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எடை 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், தட்டணு எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. நீங்கள் கடைசியாக ரத்தம் கொடுத்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டாக இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வந்துவிட்டால் போன் ஓயாது. "அப்பாவுக்கு 45,000தான் இருக்கிறது, உடனே வாருங்கள்" என்று அழுவார்கள். ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை 10,000க்கு மேல் இருக்கும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். பயம் குடும்பத்தை ஓடவைக்கிறது, அந்த ஓட்டத்தில் உண்மையாகவே தேவைப்படும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு ஆள் கிடைக்காமல் போகிறது. இப்போதெல்லாம் நிதானமாகக் கேட்கிறேன்: எந்த ஆஸ்பத்திரி, மருத்துவர் எழுதிக் கொடுத்தாரா, ரத்தமா தட்டணுவா, கசிவு இருக்கிறதா. "இல்லை" என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. உங்கள் எண் நாலு பேர் கைக்குப் போனபின் நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பணம் நீட்டுவார்கள். உறையை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. நான் கல்லூரியில் படித்த காலத்தில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் ஆஸ்பத்திரி வாசல்களில் டீக்கடை ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். வற்றிய கன்னமும் முழங்கை மடிப்பில் கறுத்த தழும்புமாக. உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் சட்டப்படி ஒழிந்தது. என் மடிப்பிலும் இன்று அம்மைத் தழும்புபோல ஒரு குழி இருக்கிறது. புதிதாகக் கை பழகும் ஒருவர் ஒருமுறை ரத்தக் குழாயைத் தவறவிட்டதில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி இரண்டு வாரம் இருந்தது. முழுக்கைச் சட்டையோடு வகுப்புக்குப் போனேன்.

ஊசிப் பயத்தை விட்டுவிட்டேனே. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1954 முதல் 2018 வரை 1,173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார். தாய்க்கும் சிசுவுக்கும் ஆர்ஹெச் வகை (ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்வது) ஒவ்வாமல்போய்ச் சிசு இறப்பதைத் தடுக்கும் ஊசிமருந்து அவர் பிளாஸ்மாவிலிருந்து தயாரானது. அவ்வளவு முறை கொடுத்தவர் ஒருதடவைகூட ஊசி ஏறுவதைப் பார்த்ததில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். நானும் பார்ப்பதில்லை. 1993இல் முதல் முகாமில் காலையில் சாப்பிடாமல் போய், கொடுத்தவுடன் விறைப்பாக எழுந்து நின்று, அப்படியே சாய்ந்தேன். வகுப்புத் தோழிகள் முன்னால். இளம் வயதினரும் முதல்தடவைக்காரர்களும் மயங்குவது வழக்கம்தான். போவதற்குச் சற்றுமுன் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, படுத்திருக்கும்போது தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கி விட்டால் மயக்கம் வரும் வாய்ப்பு குறையும்.

வாழ்க்கையில் என்ன மாறும் என்று கேட்டீர்கள். எனக்கு மாறியது தூக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பையனுக்கு, அவனும் ஏபி, ஆறு வாரத்தில் நான்கு முறை தட்டணுக்கள் கொடுத்தேன். அவன் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் விவசாயி. சரியாகத் தூங்காமல் வந்தால் எடுக்கமாட்டார்கள் என்று முதல் தடவையே யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து, நான் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் ராத்திரி சரியாக ஒன்பது மணிக்குப் போன் வரும். "சார், சாப்பிட்டீர்களா?" சாப்பிட்டேன் என்பேன். "படுத்துவிட்டீர்களா?" விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றால் ஒரு நிமிஷம் பேச்சே இருக்காது. பிறகு தயங்கித் தயங்கி, "நாளைக்குத் திருத்தக் கூடாதா சார்?" என்பார். என் அம்மா போனபிறகு என் தூக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவர் விசாரித்ததில்லை. நான் பேனாவை மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். பையன் பிழைத்துப் பள்ளிக்கூடம் போனான். அதன்பின் அவர் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒன்பது மணி ஆனால் இன்றைக்கும் எனக்கு ஒரு குற்ற உணர்வு வருகிறது. பாதிக்கட்டு விடைத்தாளோடு விளக்கை அணைத்துவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து முறை கொடுத்திருக்கிறீர்கள், நல்ல எடை, நல்ல வயது. ஆறாவது முறைக்கு முன்னால் ஃபெரிட்டின் பார்த்துவிடுங்கள். 30க்குக் கீழே இருந்தால் ரத்தத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, மருத்துவரிடம் கேட்டு இரும்பு எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு ரத்தம், மூன்று நான்கு தட்டணு என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் அந்த மஞ்சள் பையைக் காட்டுங்கள். சிவப்பாக இல்லை என்பதே பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

தட்டணு கொடுக்கும் நாளில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டில் பால், தயிர் இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னேன் அல்லவா, படுக்கும் முன் கழிவறைக்கும் மறக்காமல் போய்விட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது. 2011இல் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.